பிதாவே என்று ஜெபிக்க நா எழவில்லை

கேள்வி: நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். பதினோரு வருடம் சவூதியில், தம்மாமில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். மகன் பத்தாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. சபைக் கமிட்டியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் மகன் குடும்ப ஜெபத்துக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் மாடியில் போனோடு உட்கார்ந்திருக்கிறான். கணக்கில் 38 மார்க் வாங்கிய பேப்பரையும் மறைத்து வைத்திருந்தான். பெல்ட்டைக் கழற்றி அடித்துவிட்டேன். அவன் கையைக்கூட மறிக்கவில்லை. கடைசியில், "அடிச்சு முடிச்சிட்டீங்களா? நான் போகட்டுமா?" என்றான். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசவில்லை. என் அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார். வசனம் தப்பாக ஒப்புவித்தால் பூவரசங்கம்புதான். அவர் பேச்சை நான் ஒரு நாளும் மீறியதில்லை. வீடு கட்டிக் கொடுத்தேன், கடைசிக் காலத்து ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் என்னுடையது. ஒரு தடவைகூட "நல்லா செஞ்சலே" என்று சொன்னதில்லை. இப்போது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தால் அவர் முகம்தான் கண்ணில் வருகிறது, மேற்கொண்டு நா எழவில்லை. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வேதமே சொல்லும்போது நான் செய்தது தப்பா? இவன் கெட்ட குமாரனாகப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய? (பெயர் வேண்டாம்)

பதில்:

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரருக்கு,

உங்கள் ஜெபத்தைப் பற்றி நிதானமாகப் பேசலாம். முதலில் மாடியில் இருக்கிற பையனைப் பற்றிப் பேசிவிடுவோம், அது அவசரம்.

தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்புதான். அவன் ஜெபத்துக்கு வராதது, பேப்பரை மறைத்தது, போனோடு உட்கார்ந்தது எல்லாம் கண்டிக்க வேண்டியவையே. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் பெல்ட் நியாயமாகிவிடாது. உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. கடிதம் முழுவதும் அந்தக் கேள்விக்கு யாராவது நேராகப் பதில் சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

"அடிச்சு முடிச்சிட்டீங்களா?" என்பதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழுகிற பிள்ளை, கெஞ்சுகிற பிள்ளை, கையை மறிக்கிற பிள்ளை, இவர்களெல்லாம் அப்பாவின் மனது இளகும் என்று இன்னும் நம்புகிறவர்கள். உங்கள் மகன் அன்றைக்கு அந்த நம்பிக்கையை விட்டுவிட்டுத்தான் மரியாதையாக அனுமதி கேட்டிருக்கிறான். பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது தகப்பன்மாருக்கு ஒரே ஒரு வரிதான் எழுதினார். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள் என்று. அடங்காமல் போவார்களே என்பதைவிட, மனம் விட்டுப்போவார்களே என்பதுதான் அங்கே அவருடைய கவலை. பதினைந்து வயதில் ஒரு பையன் சத்தம் போட்டால் பரவாயில்லை. இப்படி அமைதியாகிவிட்டால்தான் நாங்கள் பயப்படுவோம்.

அப்புறம் "நானும் பேசவில்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பெல்ட்டைவிட அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

தாவீது ராஜாவும் அவர் மகன் அப்சலோமும் நினைவுக்கு வருகிறார்கள். அப்சலோம் தன் அண்ணனைக் கொன்றுவிட்டு கேசூருக்கு ஓடினான். மூன்று வருடம் கழித்து தாவீதின் படைத்தலைவன் யோவாப் நடுவில் புகுந்து பேசியதால் தாவீது அவனை எருசலேமுக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் "என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் மகனும் ஒரே ஊரில் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அப்சலோம் யோவாபுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பிப் பார்த்தான், அவன் வரவில்லை. கடைசியில் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைத்தான். அப்போதுதான் யோவாப் ஓடி வந்தான். பிரசங்கங்களில் அப்சலோம் பிறகு தகப்பனுக்கு எதிராகச் செய்த கலகத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம், எரிந்த அந்த வயலைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை வேண்டுமென்றே எதையாவது உடைக்கும்போது, பரீட்சைப் பேப்பரில் ஒன்றும் எழுதாமல் வரும்போது, யாராவது கொஞ்சம் வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறதாகத்தான் எனக்குத் தோன்றும். தாவீது பிறகு மகனை முத்தம் செய்தார், ஆனால் அதற்குள் உள்ளே என்னவோ முறிந்திருந்தது. "என் மகனாகிய அப்சலோமே, நான் உனக்குப் பதிலாகச் செத்தேனானால் நலமாயிருக்கும்" என்று அவர் கதறியது மகன் செத்த பிறகு. அந்த அன்பு முழுவதும் அந்த இரண்டு வருடத்திலும் தாவீதின் மனதுக்குள் இருந்ததுதான். மகன் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

ஆகவே நீங்கள்தான் முதலில் போய்ப் பேச வேண்டும். "அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும்" என்று காத்திருக்காதீர்கள். பெரியவர் நீங்கள், அடித்ததும் நீங்கள்.

எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு போய்க் காரியத்தைக் கெடுத்துவிடுகிற அப்பாக்கள் உண்டு. வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம், குடும்ப ஜெபத்தில் அழுதுகொண்டே அறிக்கையிடவும் வேண்டாம். அது அவனுக்குக் கூச்சத்தையும், உங்களை மன்னித்தே ஆக வேண்டிய கட்டாயத்தையும்தான் கொடுக்கும். அவன் தனியாக இருக்கும்போது போங்கள். கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். "அன்னைக்கு உன்ன பெல்ட்டால அடிச்சது தப்பு. நீ என்ன செஞ்சிருந்தாலும் நான் அடிச்சது தப்புதான். இனிமே உன்மேல கை ஓங்க மாட்டேன். மன்னிச்சிரு." இவ்வளவு போதும். "ஆனா நீயும்..." என்று ஒரு வார்த்தை பின்னால் வந்தால் முன்னால் சொன்னதெல்லாம் வீண். மார்க் பேச்சை அன்று எடுக்காதீர்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். "சரின்னு சொல்லு" என்று கேட்காதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் சொன்னது உண்மையா என்று அவன் சில மாதங்களாவது பார்ப்பான், வேண்டுமென்றே உரசியும் பார்ப்பான். அந்த நேரத்தில் கை இறங்கியே இருக்க வேண்டும்.

மகளிடமும் தனியாகச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அண்ணன் வாங்கிய அடியின் சத்தம் கேட்காமல் இருந்திருக்காது.

புதுப் போனோ பைக்கோ வாங்கிக் கொடுத்து இதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பெட்டி நிறையச் சாமானோடு வந்து இறங்கிப் பழகிய கைக்கு அது சுலபமாக வரும் என்பதால் சொல்கிறேன்.

அப்பா மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா என்று மனது கேட்கும். ஞாயிறுதோறும் ஆராதனையில் முழங்கால்படியிட்டுப் பாவ அறிக்கை செய்கிறீர்களே, அப்போது மகன் பக்கத்தில்தானே இருக்கிறான்? அப்பா பாவி என்பது அவனுக்குப் புதுச் செய்தியே இல்லை. அதை இதுவரை தேவனிடத்தில்தான் சொல்லிக் கேட்டிருக்கிறான், தன்னிடத்தில் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, பிரம்புக்கு வருவோம். நீதிமொழிகள் 13:24 வேதத்தில் இருக்கிறதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். முதல் ஒன்பது அதிகாரங்களிலும் பெரும்பாலும் ஒரு தகப்பன் பேசிக்கொண்டே இருக்கிறார். "என் மகனே, என் மகனே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கெட்ட சிநேகிதரைப் பற்றி, பிறனுக்காகப் பிணைப்படுவதைப் பற்றி, எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைப் பற்றி, பெண் விஷயத்தில் தடுமாறுவதைப் பற்றி, வீட்டில் பேசவே கூசுகிற காரியங்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசுகிறார். பிரம்பு வருவது சில வசனங்களில்தான். அந்த வசனங்களுக்குள்ளேயே 19:18 மாதிரி எல்லை போடுகிற வசனமும் இருக்கிறது: சிட்சை செய், ஆனால் அவனைக் கொல்லும் அளவுக்கு உன் மனதை எழும்ப விடாதே என்று. அதே புத்தகத்தில் 23:26, "என் மகனே, உன் இருதயத்தை எனக்குத் தா" என்கிறது. இருதயத்தைப் பெல்ட்டால் வாங்க முடியாது என்று உங்களுக்கே தெரியும். உங்களிடமிருந்து உங்கள் அப்பா கீழ்ப்படிதலை வாங்கினார். இருதயத்தை வாங்கினாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீதிமொழிகளின் காலத்தில், அடங்காத மகனை ஊர் வாசலில் மூப்பரிடம் கொண்டுபோய் நிறுத்தவும், கல்லெறிந்து கொல்லவும் நியாயப்பிரமாணத்திலேயே இடம் இருந்தது (உபாகமம் 21). பவுலின் காலத்து ரோமச் சட்டத்தில் பிள்ளையின் உயிர்மேல்கூடத் தகப்பனுக்கு அதிகாரம் இருந்தது. அப்படிப்பட்ட உலகத்தில்தான் எபேசு சபையாருக்கு, "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக" என்று எழுதுகிறார். எல்லா அதிகாரமும் தகப்பன் கையில் இருந்த காலத்தில் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிற வார்த்தை அது. இன்றைக்கு நம் நாட்டில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறவர் பெற்றவரே ஆனாலும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி அது குற்றம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்குப் புரிந்த காரியம் சபைக்குள்ளே இருக்கிற நமக்குப் புரியத் தாமதமாகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கண்டிக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் கெட்டது அவர் அடக்காமல் விட்டதால். அதோனியாவை அவன் தகப்பன் தாவீது, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்று 1 இராஜாக்கள் முதல் அதிகாரம் சொல்கிறது. கேட்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஹாலில் ஒரே இடத்தில் இருக்கட்டும், உங்கள் போனும் சேர்த்து. மீறினால் என்ன என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் புதிதாகத் தண்டனை கண்டுபிடிக்காதீர்கள். மார்க் விஷயத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? பத்தாம் வகுப்பில் பாஸ் மார்க் 35. அவன் 38 வாங்கியிருக்கிறான். பாஸான பேப்பரையே மறைத்திருக்கிறான் என்றால் அவன் பயந்தது கணக்குக்கு இல்லை. பள்ளிக்குப் போய்க் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பேச்சை மகனுக்குத் தெரியாமல் நடத்தாதீர்கள், கூட்டிக்கொண்டே போங்கள்.

இன்னொன்று, நீங்கள் போனபோது அவனுக்கு நான்கு வயது. வளைகுடா வெயிலில் நீங்கள் பட்ட பாடெல்லாம் இவர்களுக்காகத்தான், அது வீண்போகவில்லை. ஆனால் "உனக்காகத்தானே அங்க போய்க் கஷ்டப்பட்டேன்" என்று அவனிடம் சொல்லாதீர்கள். அவன் உங்களை அனுப்பவில்லை. நான்கு வயதில் அவனை யாரும் கேட்கவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பெற்றார்களே பொக்கிஷம் சேர்த்துவைக்க வேண்டும் என்று பவுல் சொன்னதைத்தான் நீங்கள் செய்தீர்கள், அதற்குப் பில் போடக் கூடாது. அவனுக்கு அப்பா என்றால் வீடியோ காலில் ஒரு முகம், விடுமுறைக்கு வந்துபோகிற ஒருவர். அந்த ஒருவர் இப்போது வீட்டிலேயே தங்கிச் சட்டம் போடுகிறார். பழக அவனுக்கும் நாள் ஆகும். உங்களுக்கு வயரிங் தெரியும். வீட்டில் மோட்டார் கோளாறானால், ஃபேன் மாட்ட வேண்டியிருந்தால் அவனைக் கூப்பிட்டு டெஸ்டரைக் கையில் கொடுங்கள். உபதேசம் வேண்டாம், வேலையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். முகத்தைப் பார்த்துப் பேச வராத பையன்கள் வயரைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

இனி, உங்கள் ஜெபம்.

கெட்ட குமாரன் ஆகிவிடுவானோ என்று மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சொத்தில் பங்கு வாங்கி ஓடிப்போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனும், வீட்டிலேயே இருந்த மூத்த மகனும் வருகிற அந்தக் கதையை, லூக்கா 15-ஐ, நானும் உங்கள் கடிதத்தோடு வைத்து வாசித்தேன். அதில் உங்கள் மகனை நான் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன், மூத்தவனின் இடத்தில். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று அவன் சொல்கிறான் அல்லவா? "அவர் பேச்சை நான் ஒரு நாளும் மீறியதில்லை, வீடு கட்டிக் கொடுத்தேன், ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் என்னுடையது" என்று நீங்கள் எழுதியதும் அதே குரல்தான். அவன் குறை ஆட்டுக்குட்டி கிடைக்காதது, உங்கள் குறை "நல்லா செஞ்சலே" கிடைக்காதது. இரண்டும் நியாயமான ஆசைதான். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டை விட்டு ஓடாத பிள்ளையின் வலியை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

அந்தக் கதையில் இரண்டு பிள்ளைகளும் அப்பாவை முதலாளியாகத்தான் பார்த்தார்கள். இளையவன் "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான். அப்பா அந்த வரியைச் சொல்லவே விடவில்லை. வாசித்துப் பாருங்கள், முத்தம் செய்த பிறகு அவன் பேசுகிற பேச்சில் அந்த வரி இல்லை, அதற்குள் அப்பா வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மூத்தவனோ வீட்டுக்குள்ளேயே கூலிக்காரனாக இருந்தவன், கணக்கு வைத்திருந்தவன். அவன் கோபித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றபோதும் தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தார். ஒரே நாளில் இரண்டு தடவை வாசலைத் தாண்டி வெளியே வந்த அப்பா அவர். ஊர்ப் பெரிய மனிதர், வேலைக்காரர் பார்க்க, விருந்தாளிகள் பார்க்க, மரியாதையைப் பற்றி யோசிக்காமல் வந்தார். வந்து மூத்தவனைத் திட்டவும் இல்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்றார். நீங்கள் "பிதாவே" என்று சொல்லும்போது கூப்பிடுவது இந்த அப்பாவை.

நம் அப்பாவை வைத்துத்தான் தேவனை அறிகிறோம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அப்படியானால் அடிக்கிற அப்பாவுக்குப் பிறந்தவர்களுக்கும், அப்பாவையே பார்க்காதவர்களுக்கும் வழியே இல்லாமல் போய்விடும். எபிரெயர் 12 இரண்டையும் பிரித்தே வைக்கிறது. நம்முடைய தகப்பன்மார் "தங்களுக்கு நலமென்று தோன்றினபடி கொஞ்சக்காலம்" சிட்சித்தார்கள், அவரோ "நம்முடைய பிரயோஜனத்துக்காகவே" சிட்சிக்கிறார். உங்கள் அப்பா தனக்கு நலமென்று தோன்றியதைச் செய்தார், அவ்வளவுதான். பரம பிதாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இயேசுவைப் பாருங்கள். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று சொன்னவர் அவர்தான். யோர்தானில் அவர் கரையேறினபோது, "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்தது. மாற்கு முதல் அதிகாரத்தில் அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அதுவரைக்கும் அவர் ஒரு பிரசங்கம் செய்யவில்லை, ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை, ஒரு சீஷனைச் சேர்க்கவில்லை. வேலை தொடங்கும் முன்பே பிதா பிரியத்தைச் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் அது ராங்க் கார்டுக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வரும், சில வீடுகளில் அப்போதும் வராது.

"பிதாவே" என்று வாய் வராத நாட்களில் உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பியுங்கள். 27-ஆம் சங்கீதத்தில் "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்று இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். 103-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள்: "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல" என்ற வசனத்துக்கு அடுத்தபடியே "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்று வரும். நம்மால் எவ்வளவு முடியும் என்று தெரிந்து வைத்திருக்கிற அப்பா. 38 மார்க்கையும் தெரிந்தவர், அன்று உங்கள் கையில் இருந்த பெல்ட்டையும் தெரிந்தவர்.

உங்கள் அப்பாவைப் பற்றி மனதில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள், அவருக்கே எழுதுவதுபோல. கோபமும் வரும், நன்றியும் வரும், இரண்டையும் எழுதுங்கள். ஒன்று வந்தால் மற்றது பொய் என்று ஆகாது. எழுதியதை நீங்கள் நம்புகிற போதகரிடமோ ஒரு ஆலோசகரிடமோ வாசித்துக் காட்டுங்கள். மகனிடம் காட்ட வேண்டாம், அது அவன் சுமக்க வேண்டியது இல்லை.

இந்த இடத்தில் ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய அப்பா ஹான்ஸ் சுரங்கத் தொழிலில் பாடுபட்டு முன்னுக்கு வந்தவர், கண்டிப்பானவர், மகனை வக்கீலாக்க நினைத்தவர். 1505-ல் மகன் மடத்தில் சேர்ந்தபோது கடுங்கோபம் கொண்டார். சிறு வயதில் அப்பா ஒருமுறை அடித்த அடியில் தான் வெறுத்துப்போய் விலகியதாகவும், தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அப்பா பாடுபட வேண்டியிருந்ததாகவும் லூத்தர் பிற்காலத்தில் தன் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். 1530-ல் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசரின் சபை கூடியது. அவர்மேல் பேரரசரின் தடையுத்தரவு இருந்ததால் லூத்தர் அங்கே போக முடியாமல் குடும்பத்தைவிட்டு கோபர்க் கோட்டையில் மாதக்கணக்கில் இருந்தார். ஜூன் தொடக்கத்தில் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார் என்று கூட இருந்தவர் எழுதியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 19-ஆம் தேதி, வீட்டில் இருந்த நான்கு வயது மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவனுக்கும் தாத்தா பேர்தான், ஹான்ஸ். நீ நன்றாகப் படிக்கிறாய், ஜெபிக்கிறாய் என்று கேட்டுச் சந்தோஷம் என்று ஆரம்பித்து, எனக்கு ஒரு அழகான தோட்டம் தெரியும் என்று கதை சொல்கிறார். பொன்னாடை போட்ட பிள்ளைகள், ஆப்பிளும் பேரிக்காயும் செர்ரியும் பொறுக்குகிறார்கள், பாடிக் குதிக்கிறார்கள், தங்கக் கடிவாளமும் வெள்ளிச் சேணமும் போட்ட குட்டிக் குதிரைகள் இருக்கின்றன, என் மகன் ஹான்ஸும் வரலாமா என்று தோட்டக்காரரிடம் கேட்டேன், வரலாம் என்றார். பேரரசரையும் போப்பையும் எதிர்த்து நின்ற மனிதர் குட்டிக் குதிரைக்குச் சேணம் பூட்டி எழுதிக்கொண்டிருக்கிறார்.

அடிவாங்கி வளர்ந்தவர், அப்பாவுக்காக அழுதவர், தூரத்தில் இருந்தவர். நீங்களும் இந்த மூன்றிலும் இருக்கிறீர்கள், அல்லது நடுவில் உள்ளது இன்னும் மிச்சம் இருக்கிறது. உங்கள் அப்பா உங்கள் கையில் கொடுத்தது அப்படியே உங்கள் மகன் கைக்குப் போயே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வீட்டில் தேவனுடைய இடத்தில் நான் நிற்கிறேன், என் கோபம் அவர் கோபம் என்ற எண்ணம் நம்மில் பல அப்பாக்களுக்கு உண்டு. அந்த நாற்காலியை விட்டு இறங்கிவிடுங்கள், உங்களுக்கும் இலேசாக இருக்கும். "எங்கள் பிதாவே" என்கிற அதே ஜெபத்தைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள், அவனும் சொல்கிறான். அவர்முன் நீங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள். நீங்கள் கொஞ்சம் மூத்த பிள்ளை.

குடும்ப ஜெபத்தைச் சுருக்குங்கள். ஒரு பாட்டு, ஒரு சிறிய பகுதி, ஒரு ஜெபம், பத்து நிமிடம் போதும். வசனம் ஒப்புவிக்கும் பரீட்சை சில காலம் வேண்டாம். மகன் வராவிட்டால் போய் இழுக்காதீர்கள், அவன் காதில் விழும்படி அவன் பேர் சொல்லி நன்றியோடு ஜெபியுங்கள். குற்றப்பத்திரிகை மாதிரி ஜெபித்துவிடாதீர்கள், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனியுங்கள். சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், சிநேகிதரைப் பார்க்காமல் வாரக்கணக்கில் இருந்தாலோ, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டாலோ, அதை ஜெபத்தில் மட்டும் வைத்துவிட்டு இருக்காதீர்கள். 14416 என்ற எண் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதினோரு வருடம் இரண்டு பிள்ளைகளையும் தனியாக வைத்து வளர்த்தவர் அவர். மகனுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், யார் அவன் கூட்டாளி, எந்த நேரத்தில் பேசினால் காது கொடுப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாடிக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அன்று ராத்திரி அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார், என்ன நினைத்தார் என்பதையும் கேளுங்கள். நடுவில் பேசாமல் முழுவதையும் கேளுங்கள். அதன் பிறகு மகனிடம் போங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்பநல ஆலோசகர்